நடுங்காத கை

காலை ஆறு மணிக்கு ஊராட்சி ஒலிபெருக்கி தொண்டையைக் கனைத்தது. யெலாகோவில் பனி இறங்கிவிட்டால் பக்கத்து வீட்டுக் கூரைகூடத் தெரியாது. ஆனால் யாருடைய மானம் போகிறது என்பது மட்டும் மலைச் சரிவு முழுக்கத் தெளிவாகக் கேட்கும். அதற்காகவே ஊர் கூடி வாங்கி வைத்த ஒலிபெருக்கி அது.

"நேத்து ஊத்துக்குழாய் பாக்குற ஊர்வேலைக்கு வராத ஆளு," என்றது செயலர் ருஃபீனாவின் குரல். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "தெல்ஃபினா. காலஞ்சென்ற கிரிசாந்தோவோட மனைவி. இதோட ஆறாவது தடவை. ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு ஊர்க்கூட்டத்துல இந்த விஷயத்துக்கு முடிவு கட்டப்படும்."

தெல்ஃபினா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணியிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பு காலுக்கு ஒரு சாண் முன்னால் கிடந்தது. அதில் காலை நுழைக்க வேண்டும், அவ்வளவுதான். கால் இறுகிக் கிடப்பது இரண்டாவது பிரச்சினை. நுழைக்க வேண்டும் என்கிற நினைப்பே வராததுதான் முதல் பிரச்சினை. செருப்பு அங்கே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. அடுப்பும் பற்றாமல் இருந்துவிட்டுப் போகட்டும், உலகமும் ஓடாமல் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போதுதான் அந்தச் சொல் காதுக்குள் போய் இறங்கியது. ஆறாவது தடவையாமே!

ஐந்துதான். மே மாதம் ஒரு நாள் அவள் ஊற்றுக்குப் பாதி வழிவரை போனாள். இரண்டு மணி நேரம் எடுத்துப் போனாள். குழாய் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஆட்கள் அவளை எதிரில் பார்த்துச் சிரித்தார்கள். "இப்பத்தான் விடிஞ்சுச்சா தெல்ஃபினாக்கா?" என்று கேட்டார்கள். அதையும் வராத கணக்கில் சேர்த்துவிட்டார்களா?

கோபம் வயிற்றிலிருந்து கிளம்பியது. அது கிளம்பியதும் வலது கால் செருப்பைத் தேடியது. பிறகு இடது கால். "ஆறாம்ல, ஆறு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். அன்றைய காலைக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

இப்படித்தான் இரண்டு வருடமாக அவள் எழுந்திருக்கிறாள். மற்றவர்கள் பசியில் எழுந்திருப்பார்கள், பழக்கத்தில் எழுந்திருப்பார்கள், அவள் கோபத்தில் எழுந்திருக்கிறாள். முந்தின நாள் யாராவது நாக்கில் நரம்பில்லாமல் பேசியதை, அடுப்பில் நெருப்பைச் சாம்பல் போட்டு மூடி வைப்பதுபோல மூடி வைத்து, காலையில் கிளறிக்கொள்வாள். யெலாகோ நல்ல ஊர். அந்தச் சரக்குக்கு அங்கே ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

வாஹாக்கா நகரத்தில் வேலை பார்க்கும் மகள் நெலிதாதான் அவளை நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயசு டாக்டர் அம்மா. கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள், நடக்கச் சொன்னாள், விரலைத் தட்டச் சொன்னாள். "பார்க்கின்சன் நோய்மா," என்றாள்.

"என் கை ஆடலையே?"

"எல்லாருக்கும் ஆடாதும்மா. ஒங்களுக்கு ஒடம்பு இறுகுது, ஆசை வத்துது. எந்திரின்னு உத்தரவு போடற எடத்துல சரக்கு கொறஞ்சு போச்சு. இது சோம்பேறித்தனம் இல்ல, சோகமும் இல்ல. மனசு வரட்டும்னு மட்டும் காத்திருக்காதீங்க, அது வராது. மணியைப் பாத்து எந்திரிங்க. ஒரு நேரத்துக்கு ஒரே வேலை. மாத்திரை சாப்பிட்டு அரை மணி கழிச்சுத்தான் அவரைக்கொட்டை, கறி எல்லாம். முன்னாடியே சாப்பிட்டா மாத்திரை பிடிக்காது."

டாக்டர் சொன்னதையெல்லாம் தெல்ஃபினா செய்தாள். சுவரில் பெரிய கடிகாரம் மாட்டினாள். கறுப்பு அவரைப் பானையை மத்தியானத்துக்குத் தள்ளினாள். "இப்ப தட்டைக் கழுவு" என்று தனக்குத்தானே வாய்விட்டு உத்தரவு போட்டுக்கொண்டாள். பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை மாத்திரை நன்றாகப் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் பழைய தெல்ஃபினா. சந்தைக்குப் போவாள், தக்காளிக்குப் பேரம் பேசுவாள், வாய்விட்டுச் சிரிப்பாள். ஊர் பார்த்ததும் அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும்தான்.

"சந்தையில ஆட்டமா ஆடுறா. ஊர்வேலைன்னா மட்டும் படுத்துக்கிறா," என்றது ஊர்.

யெலாகோவுக்கு அந்த நோய் தெரியாமல் இல்லை. தெரியும், தப்பாகத் தெரியும். மாதம் ஒருமுறை பூசை வைக்க வந்த கிழப் பாதிரியாருக்கு அந்த நோய் இருந்தது. அவர் கை ஆடிய ஆட்டத்தில், நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பவர்கள் நற்கருணை அப்பத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே பார்க்கின்சன் என்றால் கை ஆட வேண்டும். ஆடாவிட்டால் அது நோயே இல்லை. டாக்டர் கொடுத்த காகிதத்தை ஊர்த்தலைவர் லாசாரோவிடம் அவள் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கை ஆடுதா தெல்ஃபினா?"

"ஆடல."

"அப்புறம் என்ன?" என்று காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

யெலாகோவில் வீட்டுக்கு ஒருவர் ஊருக்காக உழைத்தாக வேண்டும். கூலி கிடையாது. கூட்டம் யார் பெயரைச் சொல்கிறதோ அவர் ஒரு வருடம் அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டும். சுமக்காதவர் பெயர் பட்டியலிலிருந்து போகும், வீட்டுக் குழாய்க்குப் பூட்டு விழும். ஜனவரியில் அவளைத் தண்ணீர்க் குழுவில் போட்டார்கள். தன் முறை வரும் நாளில் விடிகாலை ஐந்து மணிக்கு மலையேறி ஊற்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஐந்து மணி! அந்த நேரத்தில் அவளுக்குக் கட்டிலிலிருந்து வாசல்வரை போவதே ஒரு மலைதான்.

சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் செனாய்தோ வந்தான். கிரிசாந்தோவின் தம்பி. கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் முன்னால் ஓடும். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தான்.

"மதினி, நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

"போவேன். பேசுவேன்."

"பேசி? லாசாரோ முடிவோட இருக்காரு. குழாய்க்குப் பூட்டு வாங்கியாச்சாம், நான் கண்ணால பாத்தேன். அதனால நான் சொல்றதைக் கேளுங்க." குரலைத் தாழ்த்தினான். "கொஞ்சம் ஆட்டுங்க."

"எதை?"

"கையைத்தான். வலது கையை. இந்தா, இப்பிடி." அவன் கையை நீட்டி ஆட்டிக் காட்டினான். பிறகு அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, தாடையையும் சேர்த்து ஆட்டினான். "பாதிரியார் செய்வாருல்ல, அந்த மாதிரி. ரெண்டு நிமிசம் போதும். பாத்தவொடன ஐயோ பாவம்னுடுவாங்க. பொறுப்பும் போயிரும், தண்ணியும் நிக்காது."

தெல்ஃபினா அவனையே பார்த்தாள். அவள் முகம் அசையவில்லை. அவள் முகம்தான் இப்போதெல்லாம் எதற்கும் அசைவதில்லையே, அதனால் அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

"நல்லா வருது பாருங்க," என்று மறுபடியும் ஆட்டினான்.

"எனக்கு இருக்கற நோய் பத்தலையா கொழுந்தனாரே? இல்லாததையும் கடன் வாங்கி ஆடணுமா?"

"மதினி, நோய் இருந்தா மட்டும் பத்தாது, பாக்கறவனுக்குத் தெரியணும்ல!"

"எட்டு மாசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஒங்க வீட்டாளுக யாராவது காலையில வந்து இந்தக் கதவத் தொறந்து பாத்தீங்களா? பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவன் தொப்பியின் விளிம்பைத் தடவினான். பிறகு அவனுக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஊரை ஏன் வையிறீங்க? நீங்க பேசாததையா ஊர் பேசுது? அபுந்தியோ வெவகாரத்துல நீங்க என்ன பேசுனீங்கன்னு யாரும் மறக்கல. கை நல்லாருக்கு, கால் நல்லாருக்கு, இவனுக்கு என்ன நோயின்னு கேட்டது யாரு? அதையேதான் நாளைக்கு ஒங்களைப் பாத்துக் கேப்பாங்க. அதுக்குத்தான் ஆட்டுங்கன்னு சொல்றேன்."

"வெளிய போ."

"நல்லதுக்குச் சொன்னா..."

"போடா வெளிய!"

மேசைமேல் இருந்த மண் குவளையை எடுத்து அவன்மேல் எறிய வேண்டும் என்று முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டாள், கை கிளம்பவும் செய்தது. ஆனால் அந்தக் கை குவளையை எட்டியபோது செனாய்தோ வாசலைத் தாண்டி, கோழிகளைத் தாண்டி, பாதையில் இறங்கிவிட்டிருந்தான். குவளை கையில் இருந்தது, எறிய ஆள் இல்லை. ஒரு மனுசியால் நேரத்துக்குக் கோபப்படக்கூட முடியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

குவளையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அபுந்தியோ.

ஒன்பது வருடம் இருக்கும். அதற்கு முன்னாலெல்லாம் யெலாகோ கூட்டத்தில் பெண்களுக்குப் பெயர் கிடையாது, கை தூக்கும் உரிமை கிடையாது. "எங்களுக்கும் முதுகு இருக்கு, நாங்களும் சுமப்போம்" என்று தலைவர் மேசையைத் தட்டி அதை வாங்கிக் கொடுத்தவள் தெல்ஃபினா. வாங்கிய கையோடு அவளைச் சாலைக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். ஆணுக்கு ஒரு அடி முன்னால் நின்று வேலை வாங்கினாள். அந்த வருடம்தான் அபுந்தியோ வேலைக்கு வராமல் நின்றான். நாள் முழுக்க வீட்டுச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரமாகும். கேட்டால், "வரணும்னுதான் இருக்கு, வரமாட்டேங்குது," என்பான்.

கூட்டத்தில் தெல்ஃபினா எழுந்து நின்றாள். அன்றைக்கு அவள் எழுந்தது ஒரே குதியில். "கை நல்லாருக்கு, கால் நல்லாருக்கு. மூக்குல ஈ உக்காந்தா ஓட்டறதுக்கும் வலிக்குது இந்த ஆளுக்கு! இதுக்கு மருந்து ஒண்ணுதான். குழாயைப் பூட்டுங்க, தாகம் எடுத்தா தானா எந்திரிப்பான்." ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கைகள் எழுந்தன. முதல் கை அவளுடையது. தீர்மானப் புத்தகத்தில் 'அபுந்தியோ, சோம்பேறி, உரிமை நீக்கம்' என்று எழுதினார்கள். தாகம் எடுத்தும் அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு வருடம் அவனுடைய மகள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தாள். பிறகு அவன் செத்துப்போனான்.

அந்த மகள்தான் ருஃபீனா.

தெல்ஃபினா சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அபுந்தியோவின் முகம் இருந்தது. இறுகிய கன்னம், இமைக்க மறந்த கண். இரண்டு வருடமாகத் தினமும் தலை வாரும்போது பார்க்கிற முகம்தான். இன்றைக்குத்தான் அது யாருடையது என்று தெரிந்தது.

இரண்டு வருடமாக ஊர்மேல் கோபப்பட்டுத்தான் எழுந்தாள். ஊரில் முதல் ஆள் யார்? அவளேதான். சோம்பேறி என்ற வார்த்தையை இந்த ஊருக்குக் கூர்தீட்டிக் கொடுத்தவள் அவள்தான். அந்தக் கோபத்துக்கு எங்கே போய் நிற்பது, யார்மேல் குவளையை எறிவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "பாவி," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். குரல் காற்றாக வந்தது. "பாவி மவளே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்க அவளுக்கு வேறு யாருடைய சொல்லும் தேவைப்படவில்லை.

மாத்திரையைக் கையில் எடுத்தாள். இப்போது போட்டுக்கொண்டால் கூட்டத்தில் ஓரளவு நிமிர்ந்து நிற்கலாம், கோவையாகப் பேசலாம். 'நல்லாத்தான இருக்கா' என்பார்கள். இல்லாத ஆட்டத்தை ஆடிக் காட்டுவது ஒரு பொய் என்றால், இருக்கும் இறுக்கத்தை மாத்திரையால் மூடிக்கொண்டு போய் நிற்பதும் அவளுக்குப் பொய்யாகத்தான் பட்டது. பார்க்கட்டும். தன்னுடைய காலை எட்டு மணியை ஊர் ஒரு தடவை பார்க்கட்டும். டாக்டர் கேட்டால் திட்டுவாள், திட்டட்டும். மாத்திரையைச் சால்வை நுனியில் முடிந்துகொண்டு கிளம்பினாள். கூட்டம் நடக்கும் கூடைப்பந்து மைதானம் கூப்பிடு தூரம். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

தகரக் கூரை போட்ட மைதானத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஒருபக்கம் காப்பியும் சோளக் கூழும் ஆவி பறந்தன. செனாய்தோ இரண்டாவது வரிசையில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். நேற்று துரத்தியதை மறந்தவன்போலப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மேடையில் லாசாரோ, பக்கத்தில் மைக்கும் புத்தகமுமாக ருஃபீனா. லாசாரோவின் மேசைமேல் புதுப் பூட்டு ஒன்று இருந்தது. பார்க்கட்டும் என்றுதான் வைத்திருந்தார்.

கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அடுத்த பெயரைக் கூப்பிடும் முன் எழாதவர் வராதவர்தான். வராதவருக்கு அன்று பேச்சில்லை. உட்கார்ந்துகொண்டு சொன்ன சொல்லை யாரும் எழுதிக்கொள்வதும் இல்லை.

பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. நாற்காலிகள் கிறீச்சிட்டன, "இருக்கேன்", "இருக்கேன்".

"தெல்ஃபினா," என்றாள் ருஃபீனா.

எந்திரி, என்று தெல்ஃபினா தனக்கு உத்தரவு போட்டாள். உத்தரவு எங்கேயோ போய் நின்றுவிட்டது. காலைப் பின்னால் இழு. இழுத்தாள். கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்று. ஊன்றினாள். முன்னால் சாய். சாய்ந்தாள், அங்கேயே நின்றுபோனாள்.

"வந்திருக்கால்ல, அப்புறம் ஏன் எந்திரிக்கல?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"தூக்கம் கலையல போல," என்றான் இன்னொருவன். சிரிப்பு கிளம்பியது.

"மதினி, ஆட்டுங்க," என்று செனாய்தோ காதில் கெஞ்சினான். "இப்ப ஆட்டுங்க, சாமி!" அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான்.

"கையை எடு."

"அடுத்த பேரைப் படி ருஃபீனா," என்றார் லாசாரோ.

ருஃபீனா படிக்கவில்லை. பேனாவைப் புத்தகத்தின்மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு தெல்ஃபினாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

"படிம்மா!"

"இன்னும் கூப்பிட்டது முடியல," என்றாள் ருஃபீனா.

தெல்ஃபினாவுக்கு மறுபடியும் அந்த நினைப்பு வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். வராதவள் என்றே எழுதிக்கொள்ளட்டும். பூட்டட்டும். அது எவ்வளவு சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் இந்த நோயிலேயே பெரிய துரோகி, அது அவளுக்குத் தெரியும். சாம்பலைக் கிளறினாள். 'தாகம் எடுத்தா தானா எந்திரிப்பான்.' தன் குரல், தன் வாய், தன் கை. அடிவயிறு பற்றிக்கொண்டது. இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பியது. முழங்கால் நிமிர்ந்தது. சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. எழுந்து நின்றபோது கூரையிலிருந்து பனி சொட்டுவது மட்டும்தான் கேட்டது.

"இருக்கேன்," என்றாள்.

ருஃபீனா புத்தகத்தில் எழுதினாள். "அடுத்தது..."

"நில்லு தாயி. எந்திரிச்சது எந்திரிச்சாச்சு, என் விஷயத்தை இப்பவே பேசிடறேன். மறுபடி ஒரு தடவ நான் எந்திரிக்க ஒங்க யாருக்கும் பொறுமை இருக்காது."

குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. "என்ன சொல்றா?", "சத்தமாப் பேசு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ருஃபீனா மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, தெல்ஃபினாவின் வாய்க்கு நேராக நீட்டினாள். முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினாள். அந்தக் காற்றுக் குரல் இப்போது ஒலிபெருக்கி வழியாக மலைச் சரிவு முழுக்கப் போனது.

"ஆறு தடவன்னு சொல்றீங்க. அஞ்சு. ஒரு தடவ பாதி வழி வந்தேன். அந்தப் பாதி வழி ஒங்க ஒருத்தருக்கும் தெரியாது, அதனால ஏறவே இல்லன்னு எழுதிட்டீங்க. லாசாரோ, கை ஆடுதான்னு கேட்டீருல்ல? ஆடல. ஆடாது. ஆட்டிக் காட்டுன்னு எனக்கு யோசனை சொன்னாங்க. ஆட்டிருந்தா இந்நேரம் எனக்குக் காப்பி கொண்டாந்து குடுத்திருப்பீங்க. ஒங்களுக்கு நோய் வேண்டாம், வேடிக்கை வேணும். நாக்க நீட்டிக்கிட்டு அப்பத்தத் தொரத்துனீங்களே, அந்த மாதிரி."

யாரோ இருமினார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். அடுத்த சொல்லைப் பிடிக்க நேரமானது, அதற்கும் காத்திருந்தார்கள்.

"சோம்பேறின்னு என்னைச் சொல்றீங்க. அந்தச் சொல்ல ஒங்க வாயில போட்டது நான்தான். அபுந்தியோவுக்கும் கை ஆடல. மொகம் ஆடல. வரணும்னு இருக்கு, வரமாட்டேங்குதுன்னு நம்மகிட்ட அழகா, தெளிவாச் சொன்னாரு. எந்த டாக்டரும் அதவிடத் தெளிவாச் சொல்ல முடியாது. டாக்டரு பாக்கல, காகிதம் இல்ல, நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அவரு மொகம் இப்ப என் கழுத்து மேல இருக்கு. அவரு குழாயப் பூட்டச் சொன்னது நான். மொதக் கை என் கை. சிரிச்சது நீங்க. ருஃபீனா, ஒன்ட்ட மன்னிப்புக் கேக்க வரல. கேட்டா நீ குடுக்கணும்னு ஆயிரும். எனக்கு அது வேண்டாம்."

ருஃபீனாவின் கையில் மைக் லேசாக இறங்கி மறுபடியும் மேலே வந்தது.

"ரெண்டு விஷயம் கேக்கறேன். அபுந்தியோ பேருக்குப் பக்கத்துல சோம்பேறின்னு எழுதுனத அடிங்க. நோயாளின்னு எழுதுங்க. எனக்கு விடுதலை வேண்டாம், நான் சுமப்பேன். பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் நான் மனுசி. என் வீட்டுக்கு மேல இருக்கிற தொட்டிக்கு முப்பது தப்படிதான். மத்தியானத் தண்ணியத் தொறந்து மூடற வால்வு வேலைய எனக்குக் குடுங்க. அஞ்சு மணிக்கு ஊத்துக்கு வேற ஆளப் போடுங்க. இல்ல, பூட்டுறதுன்னா பூட்டுங்க. ஆனா பூட்டுறவன் காலையில ஆறு மணிக்கு வந்து, நான் செருப்பு மாட்டறத மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நின்னு பாத்துட்டுப் பூட்டணும்."

லாசாரோ பூட்டை எடுத்து மேசையின் அந்தப் பக்கம் வைத்தார். பிறகு அதை எடுத்து மேசைக்குக் கீழேயே வைத்துவிட்டார். "பழைய தீர்மானத்தத் திருத்துறது வழக்கமில்ல," என்று இழுத்தார்.

"அப்பா பேரைக் கூப்பிட்ட அன்னைக்கி," என்றாள் ருஃபீனா. மைக் அவள் கையிலேயே இருந்ததால் அதுவும் மலை முழுக்கக் கேட்டது. "நான் கடைசி வரிசையில நின்னு எண்ணுனேன். நாலு எண்றதுக்குள்ள அடுத்த பேரைக் கூப்பிட்டாங்க. அவரு எந்திரிக்கத் தொடங்கியிருந்தாரு. இவங்களுக்கு இன்னைக்கி எரநூத்திப் பதினாலு எண்ணுனேன்." தெல்ஃபினாவின் பக்கம் முதல்முறையாகத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அதில் இரக்கம் இல்லை. "ஒங்களுக்காக இல்ல. எங்கப்பாவுக்காக எழுதறேன். அது தெரிஞ்சுக்கங்க."

"தெரியும்," என்றாள் தெல்ஃபினா.

"சரிப்பா, கை தூக்குங்க," என்றார் லாசாரோ. "ரெண்டுத்துக்கும் சேத்து. சம்மதிக்கிறவங்க."

பெண்களின் கைகள் முதலில் எழுந்தன. பிறகு செனாய்தோவின் கை, கூரையைத் தொடுவதுபோல. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆண்கள். சிலர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து சிரித்தவன் பக்கத்திலிருப்பவனைப் பார்த்துவிட்டுப் பாதிக் கையைத் தூக்கினான். செவ்வாய்க்கிழமை சந்தையில் இதே வாய்கள் மறுபடியும் திறக்கும் என்று தெல்ஃபினாவுக்குத் தெரியும். திறக்கட்டும், புதன்கிழமை காலை எழுந்திருக்க அவளுக்கும் ஏதாவது வேண்டுமே.

லாசாரோ வரிசையாக விரல் நீட்டி எண்ணினார். "எழுபத்தொண்ணு. பாதிக்கு மேல வந்தாச்சு. எழுதிக்க ருஃபீனா, முடிஞ்சுது. கையை எறக்குங்கப்பா."

"எறக்காதீங்க," என்றாள் ருஃபீனா.

"ஏன், அதான் தாண்டிருச்சே?"

ருஃபீனா பேனாவால் காட்டினாள். தெல்ஃபினாவின் வலது கை இடுப்பைத் தாண்டி, நெஞ்சுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. அது நடுங்கவில்லை.

"ஒரு கை இன்னும் மேல வந்துக்கிட்டிருக்கு. பொறுங்க."

ஊர் தூக்கிய கையோடு பொறுத்தது. தோள் வலித்தவர்கள் மற்றக் கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டார்கள். தெல்ஃபினா அவசரப்படவில்லை.

"எழுபத்தி ரெண்டு," என்று எழுதினாள் ருஃபீனா.